மூடிய குப்பை மேட்டில் சூரிய மின்சாரம்: யாழ்ப்பாணத்தில் கேட்கப்படும் கேள்விகள்

நாவாந்துறை, காக்கைதீவு தாண்டி அராலிக்குப் போகிற வீதியில், குப்பை கொட்டும் கல்லுண்டாய் வெளியைக் கடக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு யோசனையும் சொல்வார்கள்: "இந்தக் குப்பைக்கு மேல சோலார் போட்டா என்ன?" கெட்ட யோசனை அல்ல. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதைப் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகளும் வருகின்றன.

சோலார் என்றால் குப்பையிலிருந்து கரண்ட் எடுப்பதா?

இல்லை, இரண்டும் வேறு. குப்பையை எரித்து மின்சாரம் எடுப்பது ஒரு முறை. உக்கும் குப்பையிலிருந்து வரும் வாயுவைப் பிடித்து இயந்திரம் ஓட்டுவது இன்னொரு முறை. இங்கே பேசுவது மூன்றாவதைப் பற்றி. குப்பை கொட்டி நிறுத்தி, ஒழுங்காக மூடிய மேட்டை வெறும் காணியாகப் பயன்படுத்தி அதன்மேல் சோலார் பனல்களை அடுக்குவது. மின்சாரம் வெயிலிலிருந்து வருகிறது. குப்பை கீழே தன் பாட்டில் கிடக்கிறது. தன் பாட்டில் கிடக்குமா என்பதுதான் சிக்கல்.

வேறு வெறும் காணி இல்லையா? ஏன் போயும் போயும் குப்பை மேடு?

குடாநாட்டில் வெறும் காணி என்று ஒன்று இருப்பது மிகக் குறைவு. பரப்புக் கணக்கில் துண்டுபட்ட காணிகள், அதில் பாதி தோட்டம், மீதி வளவு. வெளிநாட்டில் இருப்பவரின் காணி பற்றை பிடித்துக் கிடந்தாலும் அதற்கு உறுதியும் உரித்தாளரும் உண்டு. தரவை நிலம் மாடு மேய்க்கிறவர்களுக்கு வேண்டும். வயலில் பனல் போட்டால் நெல் போய்விடும்.

மூடிய குப்பை மேட்டிலோ வீடு கட்ட முடியாது, கிணறு வெட்ட முடியாது, பயிர் செய்யவும் கூடாது. ஆழ வேர் விடும் மரத்தைக்கூட நட முடியாது. இப்படி எதற்கும் உதவாத ஒரு துண்டு நிலத்தில், யாருடைய காணியையும் பறிக்காமல் ஒரு வருமானம் வருகிறது. இதைவிட வலுவான நியாயம் ஒன்று எனக்குத் தெரியவில்லை. மின்கம்பியும் வீதியும் பக்கத்திலேயே இருப்பது கூடுதல் வசதி. குப்பை லொறி போன பாதையில் சோலார் லொறியும் போகும்.

அப்படியானால் கல்லுண்டாயில் இப்போதே போடலாமா?

முடியாது. யாழ்ப்பாணம் மாநகர சபைப் பகுதியின் குப்பை கொட்டப்படும் இடம் அது. மூடப்பட்ட மேடு அல்ல. லொறி வந்துபோகிற, மாடும் கொக்கும் மேய்கிற, அவ்வப்போது தீப்பிடிக்கிற இடத்தில் பனலை வைத்தால் அது சில மாதமும் தாங்காது. புகைக்கரி படிந்த பனல் பெயருக்குத்தான் பனல்.

இன்னொன்று: பழைய குப்பை ஒரு பக்கம், புதுக் குப்பை ஒரு பக்கம் என்று பிரித்து, பழைய பக்கத்தை மட்டும் மூடி அதில் தொடங்கலாமே என்று கேட்பார்கள். வெளிநாடுகளில் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அங்கே கொட்டும் பகுதிகள் ஆரம்பத்திலேயே அறை அறையாகப் பிரிக்கப்பட்டு, எந்த அறையில் எந்த ஆண்டு என்ன கொட்டப்பட்டது என்ற பதிவு இருக்கும். அந்தப் பதிவு இல்லாத இடத்தில் முதலில் ஆங்காங்கே துளை போட்டு, குப்பை எவ்வளவு ஆழம், எவ்வளவு பழையது, உள்ளே சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போர் நடந்த வடக்கு என்பதால் தோண்டுமுன் வெடிபொருள் அகற்றிய பகுதியா என்பதையும் கேட்க வேண்டும்.

மூடுவதென்றால் மேலே செம்மண் பறித்துவிடுவதுதானே?

இந்தக் கேள்வியில்தான் காரியம் எல்லாம் இருக்கிறது.

எங்கள் செம்மண் தோட்டத்துக்கு நல்லது. காரணம், தண்ணீர் அதில் நிற்காமல் இறங்கிவிடும். குப்பை மேட்டை மூடுவதற்கு அதே காரணத்தால் உதவாது. மாரி மழை செம்மண்ணைத் தாண்டிக் குப்பைக்குள் இறங்கி, அடியால் கறுப்புத் தண்ணீராக வெளியே வரும். தோட்ட மண்ணை வீணாக்கியதுதான் மிச்சம்.

ஒழுங்கான மூடல் அடுக்கடுக்காக வருகிறது. முதலில் மேட்டைச் சரிவாக வழித்து இறுக்க வேண்டும், மேலே தண்ணீர் தேங்காதபடி. அடுத்தது வாயு வெளியேற ஒரு சரளைப் படை, அதற்குள் துளையிட்ட குழாய்கள். அதற்கு மேல் தண்ணீர் புகாத படை: இறுக்கிய களிமண், அல்லது தடித்த பிளாஸ்ரிக் விரிப்பு, சில இடங்களில் இரண்டும். அதன்மேல் மழைநீர் வடிந்தோட இன்னொரு படை, கடைசியில் மண்ணும் புல்லும். சுற்றிவர மழைநீர் வாய்க்கால் ஒன்று, அடியில் வடிகிற கழிவுநீரைப் பிடிக்கும் வாய்க்கால் வேறொன்று. இவை இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் செய்த வேலை எல்லாம் பாழ்.

நல்ல களிமண் குடாநாட்டுக்குள் தாராளமாகக் கிடைக்காது. வெளியிலிருந்து ஏற்ற வேண்டும், அல்லது விரிப்பை இறக்குமதி செய்ய வேண்டும். இங்கே பணம் போவது இதற்குத்தான். அமெரிக்காவில் ஒரு ஏக்கரை இப்படி மூடவே ஒரு இலட்சம் டொலர் தாண்டுவது சாதாரணம். ஆகையால் "சோலார் திட்டம்" என்று யாராவது படம் காட்டினால், பனலின் படத்தை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருக்கும் படைகளின் வரைபடத்தைக் கேளுங்கள். அது இல்லையென்றால் குப்பைக்கு மேல் ஒரு நீல விரிப்புப் போடப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

மூடிய பிறகு எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்?

மேடு தாழ்ந்து அடங்கும் வரை. குப்பை உக்க உக்கக் கன அளவு குறையும், மேடு இறங்கும். மொத்த உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, சில இடங்களில் ஐந்தில் ஒரு பங்குகூட இறங்குவதுண்டு. பெரும்பகுதி முதல் சில வருடங்களில் நடந்துவிடும், மீதி பல பத்து வருடம் மெல்ல மெல்ல நடக்கும்.

மேடு முழுக்க ஒரே அளவாக இறங்கினால் கவலை இல்லை. பழைய பஞ்சு மெத்தை போல அங்கொரு பள்ளம் இங்கொரு மேடு என்று இறங்குவதுதான் தொல்லை. உணவுக் கழிவு கிடந்த இடம் வேகமாக இறங்கும், பக்கத்தில் கட்டட இடிபாடு கிடந்த இடம் அசையாது. நடுவில் பனல் வரிசை நின்றால் சட்டம் முறுகும், கண்ணாடி வெடிக்கும், கேபிள் இழுபடும். இலங்கைக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கும் கழிவு. எங்கள் வெக்கையில் அது குளிர்நாட்டைவிட வேகமாக உக்கும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்.

ஆண்டு எண்ணிக் காத்திருப்பதைவிட அளந்து பார்ப்பது நல்லது. மேட்டில் அளவுக் கற்களை நட்டு, குறித்த இடைவெளியில் நில அளவைக்காரரைக் கொண்டு உயரம் எடுக்க வேண்டும். அளவு அதிகம் மாறாமல் வரும்போது தொடங்கலாம். மாரி முடிந்த கையோடு மேட்டில் ஏறிப் பார்த்தாலே பாதி விளங்கும். எங்கே குட்டை கட்டி நிற்கிறதோ அங்கே மேடு இறங்கியிருக்கிறது.

மேலே விரிப்பு இருப்பதால் கம்பம் நட முடியாதே. பனல் எப்படி நிற்கும்? புயல் அடித்தால்?

சாதாரண சோலார் பண்ணையில் இரும்புக் கம்பத்தை நிலத்தில் இறக்குவார்கள். இங்கே அப்படி இறக்கினால் விரிப்பு கிழியும், மழை உள்ளே போகும், வாயு வெளியே வரும். அதனால் எல்லாம் நிலத்துக்கு மேலேதான். கொங்கிறீட் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் பாரத்திலேயே சட்டத்தை நிறுத்துவார்கள். கேபிளைப் புதைக்காமல் நிலத்துக்கு மேலே தட்டுகளில் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் கேபிளைக் கொஞ்சம் தளர்வாக வளைத்து விட்டிருப்பார்கள், மேடு ஒரு சாண் இறங்கினாலும் அறாமல் இருக்க. சட்டத்தையும் நீளமாக ஒரே துண்டாகச் செய்யாமல் சிறு சிறு துண்டாகச் செய்து, உயரம் மாற்றக்கூடிய கால் வைப்பார்கள்.

காற்றுக்கு வருவோம். கார்த்திகை, மார்கழியில் வங்கக் கடலில் என்ன கிளம்பும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2008 நவம்பர் நிஷா புயலின் வெள்ளத்தை மறந்தவர்கள் இங்கே இல்லை. மேடு உயரமான இடம், சுற்றிவர வெளி, மறைப்புக்கு ஒரு பனைகூட இல்லை. எனவே கட்டையின் பாரத்தை அந்த இடத்துக் காற்றுக்குக் கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பனலை அதிகம் நிமிர்த்தாமல் வைத்தால் காற்றுப் பிடிப்பு குறையும். நல்லவேளை, யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9.7 பாகையை ஒட்டி இருப்பதால், தெற்குப் பார்த்து ஏறக்குறைய 10 பாகை சரித்தாலே போதும். ஜேர்மனியில் 30 பாகை நிமிர்த்துகிற தலையிடி இங்கே இல்லை.

செங்குத்தான சரிவுகளில் பனல் போடக் கூடாது. கட்டை வழுகும், மண் அரிக்கும். மேல்தட்டை மட்டும்தான் நம்பலாம். ஆக, காணி பத்து ஏக்கர் என்றால் பனலுக்குப் பத்து ஏக்கரும் கிடைக்காது.

மேடே சரிந்து விழாதா?

சரிந்த கதை எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது மூடப்படாமல், செங்குத்தாக, மேலே மேலே கொட்டிய மலை. கல்லுண்டாய் அந்த உயரத்துக்குப் போகவில்லை. ஆனாலும் கொங்கிறீட் கட்டைகளின் பாரத்தை மேலே ஏற்றுமுன் சரிவின் உறுதியைப் பொறியியலாளர் சோதித்தே ஆக வேண்டும்.

குப்பை வாயுவும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில். வெடிக்காதா?

நியாயமான பயம். காற்றுப் புகாமல் உக்கும் குப்பையிலிருந்து வரும் வாயுவில் ஏறக்குறையப் பாதி மீதேன், மற்றப் பாதி காபனீரொட்சைட்டு. காற்றில் மீதேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது பொறி பட்டால் பற்றும். திறந்த வெளியில் காற்று அதைக் கலைத்துவிடும், அங்கே பிரச்சினை குறைவு. மூடிய பெட்டிகள், கேபிள் குழாய்கள், சிறு அறைகள் இவற்றுக்குள் தங்கினால்தான் ஆபத்து.

அதனால் பனலின் மின்சாரத்தைப் பாவனைக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேர்ட்டரையும் ட்ரான்ஸ்போமரையும் மேட்டுக்கு மேலே வைக்காமல் வெளியே, குப்பை இல்லாத தரையில் வைப்பது நல்லது. மேட்டிலிருந்து வரும் கேபிள் குழாயின் வாயை அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழாய் வழியே வாயு அறைக்குள் வந்து சேரும். பெட்டியைத் திறக்குமுன் கையில் வைத்திருக்கும் வாயுமானியால் ஒருமுறை பார்ப்பது வேலையாளின் பழக்கமாக வேண்டும். மேட்டில் பீடி பற்றவைப்பதும் புல்லுக்கு நெருப்பு வைப்பதும் கூடவே கூடாது.

உள்ளே கனன்றுகொண்டிருக்கும் தீ வேறு விடயம். மேலே அணைந்த மாதிரித் தெரிந்தாலும் குப்பைக்குள் நெருப்பு மாதக்கணக்கில் இருக்கலாம். அது முற்றாக அணைந்தது உறுதியாகும்வரை மூடவும் முடியாது, பனல் போடவும் முடியாது.

ஒரு மெகாவாட்டுக்கு எவ்வளவு காணி? எத்தனை வீட்டுக்குக் கரண்ட்?

ஒரு மெகாவாட்டுக்கு மூன்று முதல் ஐந்து ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கில் 48 முதல் 80 பரப்பு. குப்பை மேட்டில் வாய்க்கால், வாயுக் குழாய், பாதை எல்லாம் விட வேண்டியிருப்பதால் ஐந்துக்குக் கிட்டத்தான் வரும். இப்போது வரும் பெரிய பனல்களில் 1,700 முதல் 1,800 வரை தேவைப்படும்.

யாழ்ப்பாண வெயிலில் ஒரு கிலோவாட் பனல் சராசரியாக நாளொன்றுக்கு 4 அலகு (யூனிட்) அளவில் தரும். ஒரு மெகாவாட் என்றால் நாளுக்கு 4,000, ஆண்டுக்குப் பதினான்கு இலட்சம் அலகு வரை. மாதம் 100 அலகு பாவிக்கும் வீடுகளாகக் கணக்குப் பார்த்தால் ஆயிரத்துக்குச் சற்று மேலே. ஐப்பசி முதல் மார்கழி வரை முகில் மூட்டத்தில் இது இறங்கும், மாசி, பங்குனியில் ஏறும்.

வெயில் கூடினால் கரண்ட் கூடும் என்பது முழு உண்மை அல்ல. பனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம். நண்பகலில் பனலின் சூடு 55, 60 பாகை செல்சியசுக்குப் போகும்போது உற்பத்தியில் பத்து சதவீதத்துக்கு மேல் இழக்கலாம். தென்மேற்கிலிருந்து கடனீரேரிக் கரையில் வீசும் சோளகக் காற்று அந்தச் சூட்டைக் கொஞ்சம் இறக்கிவிடும்.

அந்தச் சோளகம் உப்பையும் அல்லவா கொண்டுவருகிறது?

கொண்டுவரும். கூடவே தூசையும். கரையோரத்தில் சாதாரண இரும்பு என்ன பாடுபடும் என்பது கடற்கரை வீட்டுக் கேற்றைப் பார்த்தால் தெரியும். சட்டம் உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த இரும்பாகவோ, மேற்பூச்சு ஏற்றிய அலுமினியமாகவோ இருக்க வேண்டும். ஆணி, நட்டு எல்லாம் துருப்பிடிக்காத உருக்கு. பனலுக்கு உப்புக்காற்றுச் சோதனைச் சான்றிதழ் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கழுவுவது இன்னொரு தலையிடி. தைக்குப் பிறகு புரட்டாதி வரை பெரிய மழை இல்லை. பனலைக் கையால்தான் கழுவ வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் கேத்தில் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு கண்ணாடியிலும் வெள்ளையாகப் படியும். மாரித் தண்ணீரைப் பிடித்துத் தாங்கியில் வைத்துக்கொள்வது நல்லது. மேட்டில் விழும் மழைநீர் சுத்தமாக வாய்க்காலில் வரும் என்பதால் அதற்கு இடமும் இருக்கிறது. காகத்தின் எச்சம்? பக்கத்தில் புதுக் குப்பை கொட்டுவது நின்றால் காகமும் குறைந்துவிடும். நிற்காவிட்டால் ஒரு ஆளை முழுநேரமாகக் கழுவ வைக்க வேண்டியதுதான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு என்ன ஆகும்?

பனலால் ஒன்றும் ஆகாது. குப்பையால்தான் ஆகும், அது இப்போதே நடந்துகொண்டிருக்கும்.

குடாநாட்டுக்கு ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடனீரேரியில் விழுகிறது. குடிக்கிற தண்ணீரும் தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணீரும் நிலத்தடியில், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இருக்கின்றன. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லுக்குள் எவ்வளவு பெரிய வெளி இருக்கக்கூடும் என்று தெரியும். களிமண் நிலத்தில் அழுக்கு வடிகட்டப்பட்டு மெல்ல நகரும். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பு கிடைத்தால் வடிகட்டாமல் ஓடும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது இந்தப் பாடத்தை எல்லோரும் படித்தோம்.

பொதுவாக நிலத்தடி நீர் குடாநாட்டின் நடுவிலிருந்து கரையை நோக்கி நகரும். ஆகவே கரையோரக் குப்பை மேட்டின் கழிவுநீர் முதலில் கடனீரேரிக்குப் போகும். சிறகுவலை கட்டி இறால் பிடிக்கிறவரும் நண்டு பிடிக்கிறவரும்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள். ஆனால் உள்பக்கம் அதிகமாக இறைத்தால் நீரோட்டம் திரும்பவும் செய்யும். ஊருக்குள் கல் கிண்டிய கிடங்குகளில் குப்பை கொட்டி நிரவிய இடங்கள் இதைவிட மோசம். அங்கே அழுக்கு நேராகக் கல்லின் வெடிப்புக்குள்தான் போகிறது.

எனவே மேட்டைச் சுற்றிக் கண்காணிப்புக் குழாய்க் கிணறுகள் வேண்டும். மாரிக்கு முன்னும் பின்னும் தண்ணீரைச் சோதித்து, முடிவைத் தமிழில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். மின்சார வருமானத்தில் முதல் செலவு இதுவாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சோலார் கரண்ட் கூடிவிட்டது, நிறுத்துங்கள் என்று மின்சார சபையே கேட்டதே?

கேட்டது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரைச் சோலார் வைத்திருப்பவர்களைப் பகல் நேரத்தில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை வேண்டியது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பூட்டியிருக்க, வெயில் மட்டும் வஞ்சகமில்லாமல் அடித்தது. யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் என்பது வேடிக்கை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க இருளில் மூழ்கியது. மின்தேவை குறைந்த பகலில் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகமாக இருந்ததால் கட்டமைப்பு ஒரு சிறு அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்ற விளக்கமும் அப்போது வந்தது.

ஆகவே "போட்டுவிட்டால் மின்சார சபை வாங்கும்" என்று இனிக் கண்ணை மூடிக்கொண்டு தொடங்க முடியாது. பகலில் மின்சாரம் குடிக்கிற வேலை ஒன்றோடு சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும். மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஆலைகள், குளிர் அறைகள், தண்ணீர் இறைக்கும் நிலையங்கள் இருக்கின்றன. 2024இல் தாளையடியில் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. ஒரு கன மீற்றருக்கு 3 முதல் 4 அலகு என்ற வழக்கமான கணக்கில் முழு அளவில் ஓடினால் நாளுக்கு 72,000 முதல் 96,000 அலகு வேண்டும். எங்கள் ஒரு மெகாவாட் மேடு தரும் 4,000 அலகு அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் வரும். பகல் தேவை இல்லாமல் இல்லை. அது எங்கே, எந்த நேரத்தில் என்று பொருத்துவதுதான் வேலை.

வீதி விளக்குக்குக் கொடுக்கலாமே என்பார்கள். விளக்கு எரிவது இரவில், அதற்கு பற்றரி வேண்டும். பற்றரி விலை இறங்கி வருகிறது, முடியாத காரியம் இல்லை. எழுவைதீவில் காற்று, சூரியன், டீசல், பற்றரி எல்லாவற்றையும் சேர்த்த சிறு மின்கட்டமைப்பு ஏற்கெனவே அமைக்கப்பட்டிருக்கிறது.

வேறு நாடுகளில் உண்மையில் செய்திருக்கிறார்களா?

நிறைய. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் மவுண்ட் ஒலிவ் என்ற ஊரின் பழைய குப்பை மேட்டில் 25.6 மெகாவாட் போட்டிருக்கிறார்கள். ஜோர்ஜியாவில் ஹிக்கரி ரிட்ஜ் மேட்டில் 2011இல் இன்னும் துணிந்து, மூடும் விரிப்பின்மேலேயே வளையக்கூடிய மெல்லிய பனல்களை ஒட்டினார்கள். கட்டையும் இல்லை, சட்டமும் இல்லை. எங்கள் வெக்கைக்கு அந்த முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அடியில் காற்றோட்டம் இல்லாத பனல் கொதிக்கும்.

எனக்குப் பிடித்தது ஹம்பேர்க் நகரத்துக் கெயோர்க்ஸ்வேர்டர் மேடு. போர் இடிபாட்டில் தொடங்கி, வீட்டுக் குப்பை, பிறகு தொழிற்சாலை நச்சுக் கழிவு என்று கொட்டி, 1979இல் நிறுத்தினார்கள். 1983இல் வடிநீரில் டயொக்சின் என்ற கொடிய நச்சு கண்டுபிடிக்கப்பட்டது. பிறகுதான் ஒழுங்காக மூடினார்கள். இப்போது அங்கே காற்றாலையும் சூரியப் பனலும் சுற்றுலாப் பயணிகள் நடக்கும் பாதையும் இருக்கின்றன. மின்சாரம் எடுக்கத் தொடங்கியதால் காவல் முடிந்துவிடவில்லை, கழிவுநீரைப் பிடித்துச் சுத்திகரிக்கும் வேலை, குப்பை கொட்டுவதை நிறுத்திப் பல பத்து வருடம் கழித்தும் நடக்கிறது.

குப்பையை முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டால் நல்லதல்லவா?

பல இடங்களில் அதுதான் நல்லது. சென்னை பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, மண் வேறு பொலித்தீன் வேறு கல் வேறாகப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை செய்கிறார்கள். சிறிய, ஆழமில்லாத மேடுகளுக்கு, முக்கியமாகக் கல் கிடங்குகளுக்கு, நான் அதைத்தான் சொல்வேன். மூடிவிட்டு முப்பது வருடம் காவல் இருப்பதைவிட எடுத்து முடிப்பது மேல். தடை, சலித்த பொலித்தீனை யார் எடுப்பது என்பது. சலித்த மண்ணில் பார உலோகம் இருக்கலாம் என்பதால் அதைத் தோட்டத்துக்கும் போடக்கூடாது.

கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்துக் கரண்ட் எடுக்கிறார்களே, இங்கேயும் எரிக்கலாமே?

அது 2021இல் திறந்த 10 மெகாவாட் ஆலை. கொழும்புப் பக்கத்தின் நூற்றுக்கணக்கான தொன் குப்பை அதற்குத் தினமும் தீனி. யாழ்ப்பாணத்துக் குப்பை அதற்குக் காணாது, ஈரமும் அதிகம்.

யார் அனுமதி தர வேண்டும்?

காணி யாருடையது என்பதில் தொடங்கும். கல்லுண்டாயில் குப்பை மாநகர சபையின் குப்பை, இடமோ வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபை எல்லைக்குள். நாற்றம் ஒருவருக்கு, வருமானம் இன்னொருவருக்கு என்று ஆகிவிடாமல் பங்கை முதலே எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம் மத்திய சுற்றாடல் அதிகாரசபை, நிலைபெறுதகு வலு அதிகாரசபை, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, மின்கட்டமைப்பில் இணைக்கும் தரப்பு. கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணும் திணைக்களமும் வரும்.

மேட்டில் இரும்பும் போத்தலும் பொறுக்கி வாழ்கிற குடும்பங்களுக்கு யாரும் அனுமதிப் படிவம் அனுப்ப மாட்டார்கள். மூடுமுன் அவர்களோடு பேசி, தரம்பிரிக்கும் நிலையத்திலோ பனல் கழுவும் வேலையிலோ இடம் கொடுக்க வேண்டும்.

நான் கனடாவில் இருக்கிறேன். இதில் காசு போடலாமா?

இப்போதைக்குப் பனலில் போடாதீர்கள். மூடல் வரைபடம், மேடு இறங்கும் அளவு, தண்ணீர்ச் சோதனை, மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம் என்ற நான்கும் கையில் வந்த பிறகு பேசுங்கள். அதற்கு முன் உதவ விருப்பமென்றால் உங்கள் ஊர்ப் பாடசாலையிலோ வாசிகசாலையிலோ உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் பிரிக்கும் ஏற்பாட்டுக்குக் கொடுங்கள். உக்குகிறது மேட்டுக்குப் போகாமல் இருந்தாலே வாயுவும் கறுப்புத் தண்ணீரும் பெருமளவு குறையும், பிறகு மூடுவதும் சுலபம்.

இருபத்தைந்து வருடத்தில் அந்தப் பனலும் குப்பைதானே?

ஆம். எடையில் பெரும்பகுதி கண்ணாடி, அடுத்தது அலுமினியம். இரண்டுக்கும் விலை உண்டு. உள்ளே கொஞ்சம் வெள்ளியும் ஈயமும் இருப்பதால் உடைத்துக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. பழைய பனலைக் கழற்றித் திருப்பி எடுத்துப்போகும் பொறுப்பும் அதற்கான வைப்புப் பணமும் நிறுவனத்துடையது என்று ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுத வேண்டும். கொங்கிறீட் கட்டைகளைக் கழற்ற வேண்டியதில்லை. விரிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே கட்டைகளில் புதுப் பனலைப் பூட்டலாம்.